கொற்கைக் கரையின் புதைந்த சிப்பிகள்

தொல்லுயிரியல் என்ற சொல்லைக் கேட்டதும் நம் வீட்டுப் பிள்ளைகளின் மனக்கண்முன் வந்து நிற்பது டைனோசர் என்னும் பேருருவ விலங்குதான். அந்நிய நாட்டுப் பாலைநிலங்களில் எலும்பு தோண்டும் காட்சியும், திரைப்படங்களில் அவ்விலங்கு உறுமி ஓடும் காட்சியும் அவர்களுக்கு மனப்பாடம். ஊடகவியல் ஒரு பாடமாகிவிட்ட இந்நாளில், கைப்பேசியும் நல்லதோர் ஒலிவாங்கியும் இருந்தால், கல்லூரி மாணவர் நால்வர் சேர்ந்து ஓர் ஆவணப்படம் எடுத்துவிட முடிகிறது. ஆனால், இந்த அறிவியலைப் படமாக்க அவர்கள் முற்பட்டால், பிறநாட்டார் எடுத்த காட்சிகளைக் கடன் வாங்கித் தமிழில் குரல் சேர்ப்பதோடு நின்றுவிடுவார்களோ என்ற ஐயம் எழுகிறது.

முத்துக்குளித்துறையின் மாணவர்களுக்கு அந்தக் கடன் தேவையில்லை. தூத்துக்குடிக்குத் தெற்கே தாமிரபரணியின் கழிமுகத்தில், கொற்கையிலும் பழையகாயலிலும், வயல்மண்ணுக்கடியில் கடற்சிப்பிகள் கிடக்கின்றன. அவற்றைப் படித்தறிந்த வரலாறு ஏறத்தாழ நூற்றைம்பது ஆண்டுகளைக் கொண்டது. அவ்வரலாற்றில் நம் சமுதாயத்தாரின் உழைப்பும் அறிவும் கலந்திருக்கின்றன. அதனை நம் பிள்ளைகள் அறிந்திருக்க வேண்டும். இயன்றால் படமாகவும் பதிந்துவைக்க வேண்டும். அதற்கான காலமும் குறுகி வருகிறது.

அல்பிரூனி காட்டிய வழி

நிலத்தில் கிடைக்கும் சிப்பியைக் கொண்டு பழைய கடலைக் கண்டறியும் முறை ஐரோப்பாவில் தோன்றியது என்றே பலரும் எண்ணுகின்றனர். பேரறிஞர் அல்பிரூனி, ஹிஜ்ரி 416இல், அதாவது கி.பி. 1025இல், கஸ்னாவில் எழுதி முடித்த 'தஹ்தீத்' என்னும் நூலில் இதனைத் தெளிவாக எடுத்துரைத்துள்ளார். அரபுப் பாலைநிலத்தில் கிணறு தோண்டும்போது கிடைக்கும் கற்களை உடைத்தால், அவற்றின் உள்ளே சிப்பிகள் காணப்படுகின்றன. ஆதலால் அந்நிலம் ஒரு காலத்தில் கடலாக இருந்திருக்க வேண்டும் என்பது அவர் முடிவு.

நம் நாட்டைப் பற்றி 1030ஆம் ஆண்டளவில் அவர் எழுதிய பெருநூலிலும் இவ்வாறான மற்றோர் ஆய்வு உண்டு. மலையை அடுத்த இடங்களில் ஆற்றுக்கற்கள் பெரியனவாகவும், மலையை விட்டு விலக விலகச் சிறியனவாகவும், கடலோரத்தில் வெறும் மணலாகவும் இருப்பதை அவர் கண்டார். வட இந்தியச் சமவெளி முன்னர் கடலாக இருந்து, ஆறுகள் கொண்டுவந்த வண்டலால் தூர்ந்து நிலமாயிற்று என்று கருதினார். முத்து முதலிய மணிகளைப் பற்றித் தனி நூலே எழுதியவர் அவர் என்பதும் இங்கு நினைவுகூரத் தக்கது.

ஆறு வண்டலைக் கொட்டுகிறது, கடல் பின்வாங்குகிறது, சிப்பி சாட்சியாக மண்ணுள் எஞ்சுகிறது. அல்பிரூனியின் இந்தத் தருக்கம் எட்டரை நூற்றாண்டுகளுக்குப் பிறகு தாமிரபரணிக் கரையில் மீண்டும் உயிர்பெற்றது.

கால்டுவெல் தோண்டிய குழிகள்

திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணத்தால் புகழ்பெற்ற கால்டுவெல், இடையன்குடியில் நெடுங்காலம் வாழ்ந்தவர். சங்க நூல்கள் முத்துக்குப் பெயர்பெற்றதாகப் பாடும் கொற்கையும், முதல் நூற்றாண்டைச் சேர்ந்த 'பெரிப்புளூஸ்' என்னும் கிரேக்கக் கடல்வழி நூல் 'கொல்கி' எனக் குறிக்கும் துறைமுகமும் ஒன்றே என்பது அறிஞர் கருத்து. துறைமுகமாக இருந்த ஊர் கடலிலிருந்து ஐந்து மைல் தள்ளி வயல்களின் நடுவே கிடப்பானேன் என்ற கேள்விக்கு அவர் மண்ணிலேயே விடை தேடினார். கொற்கையிலும் காயலிலும் ஆட்களை அமர்த்தித் தோண்டச் செய்து, தாம் கண்டவற்றை 1877இல் ஓர் ஆய்விதழில் வெளியிட்டார்.

கொற்கையில் மண்ணுக்கடியில் கடற்சிப்பிகள் கிடைத்தன. அவ்வூர் முன்னர் கடற்கரையில் இருந்தது என்றும், ஆற்று வண்டலே கரையைக் கிழக்கே தள்ளிக்கொண்டு போயிற்று என்றும் அவர் முடிவு செய்தார். கொற்கை தூர்ந்தபின் காயல் எழுந்தது. அதுவும் தூர்ந்தபின் வாணிகம் தூத்துக்குடிக்குப் பெயர்ந்தது. காயலின் பழைய நிலப்பரப்பில் உடைந்த ஓடுகளும் சீன நாட்டுப் பீங்கான் துண்டுகளும் மிகுதியாகச் சிதறிக் கிடந்ததை அவர் குறித்துள்ளார்.

அந்தக் காயலின் பெருமையை நாம் விரித்துரைக்க வேண்டியதில்லை. பதின்மூன்றாம் நூற்றாண்டின் இறுதியில் மார்க்கோ போலோ கண்டு வியந்த பட்டினம் அது. அரபுக் குதிரைகள் வந்திறங்கிய காயல் முதலிய துறைமுகங்கள் தகியுத்தீன் அப்துர் ரஹ்மானின் நிருவாகத்தில் இருந்ததைப் பாரசீக வரலாற்றாசிரியர் வஸ்ஸாஃப் எழுதிவைத்துள்ளார். மார்க்கோ போலோவின் காயல் இன்றைய பழையகாயலா, காயல்பட்டினமா என்ற விவாதம் அறிஞரிடையே உண்டு. பழையகாயலே என்பது கால்டுவெலின் துணிபு.

பின்னர், 1968-69இல் தமிழ்நாடு அரசின் தொல்லியல் துறை கொற்கையில் அகழாய்வு நடத்தியது. அங்குக் கிடைத்த கரித்துண்டொன்றைக் கதிரியக்கக் கரிம முறையில் ஆராய்ந்ததில் கி.மு. 785 என்னும் காலம் கிடைத்தது. 2021இல் கொற்கையில் மீண்டும் அகழாய்வு நடைபெற்றது. கால்டுவெல் ஊகித்த பழைமைக்கு இவ்வாறு அறிவியல் அளவு கிட்டியது.

செம்மணல் தேரியும் அரியலூர்க் கல்லும்

திருச்செந்தூர், சாயர்புரம், மெஞ்ஞானபுரம் வட்டாரங்களில் பரந்து கிடக்கும் செம்மணல் மேடுகளைத் தேரி என்கிறோம். பல்லாவரத்தில் 1863இல் பழைய கற்காலக் கருவியைக் கண்டெடுத்துப் புகழ்பெற்ற இராபர்ட் புரூஸ் ஃபூட், மதுரை, திருநெல்வேலி மாவட்டங்களின் நில அமைப்பைப் பற்றிய தம் அறிக்கையை 1883இல் வெளியிட்டார். தேரியில் கிடைத்த நுண்கற்கருவிகளும் அவர் கவனத்துக்கு வந்தன. பின்னர், இலண்டன் பல்கலைக்கழகத்துப் பேராசிரியர் சாய்னரும் பிரிட்ஜெட் ஆல்ச்சினும் தேரிகளை ஆராய்ந்து 1956இல் ஒரு கட்டுரை வெளியிட்டனர். கடல்மட்டம் இன்றைக்கும் உயர்ந்திருந்த ஒரு காலத்தோடு தேரி மணலை இணைத்து, அக்கருவிகளின் காலத்தை அவர்கள் கணிக்க முயன்றனர். இராமநாதபுரக் கரையில் கடல்நீருக்கு மேலே எழுந்து நிற்கும் இறந்த பவளப்பாறைகளை ஸ்டொடார்ட்டும் கோபிநாத பிள்ளையும் ஆராய்ந்து, அவற்றின் வயது ஏறத்தாழ 4,000 ஆண்டுகள் என 1972இல் அறிவித்தனர்.

இவையெல்லாம் நிலவியல் கணக்கில் நேற்றைய செய்திகள். பத்தாயிரம் ஆண்டுக்குட்பட்ட இத்தகைய எச்சங்களை அறிஞர் அரைப்புதைபடிவம் என்றே வகைப்படுத்துவர். கல்லாகவே மாறிவிட்ட முழுப்புதைபடிவத்தைக் காண விரும்புவோர் அரியலூர்ப் பக்கம் செல்ல வேண்டும். இன்றைய செக் நாட்டுப் பகுதியிலிருந்து வந்து இந்திய நிலவியல் ஆய்வுத் துறையில் பணியாற்றிய ஸ்டொலிச்கா, தென்னிந்தியாவின் கிரெட்டேசியக் கால உயிரினங்களைப் பற்றிப் பெருந்தொகுதிகள் எழுதினார். அவற்றுள் 1871இல் நிறைவுற்ற தொகுதி முழுவதும் இரண்டு ஓடுகளையுடைய சிப்பி இனங்களுக்கே உரியது. அவர் 1874இல், முப்பத்தாறு வயதில், இமயத்துக்கு அப்பாற்பட்ட பயணமொன்றிலிருந்து திரும்பும் வழியில் லடாக்கில் மறைந்தார். இன்றும் உலகெங்குமுள்ள ஆய்வாளர் அரியலூர்ச் சிப்பிகளை அடையாளம் காண அவர் நூலையே புரட்டுகின்றனர். அரியலூரில் ஏழு கோடி ஆண்டுக்கு முன்னிருந்த கடலைச் சிப்பியால் அறிந்தார்கள். கொற்கையில் சில ஆயிரம் ஆண்டுக்கு முன்னிருந்த கடலையும் சிப்பியால்தான் அறிகிறோம். முறை ஒன்றே.

இன்றைய தொல்லுயிரியல் செய்வது என்ன?

பெயர் சூட்டி அலமாரியில் அடுக்குவதோடு அக்காலத்து வேலை பெரும்பாலும் முடிந்துவிடும். இன்றைய ஆய்வாளர் ஒரு சிப்பியிடம் கேட்கும் கேள்விகள் பல. நீ எப்போது வாழ்ந்தாய்? உன் காலத்துக் கடல்நீர் எவ்வளவு வெம்மையாக இருந்தது? மழைக்காலத்தில் ஆற்றுநீர் உன்னிடம் எவ்வளவு வந்து சேர்ந்தது? உன்னோடு வாழ்ந்தவை எவை?

காலத்தை அறியக் கதிரியக்கக் கரிம முறை உதவுகிறது. வில்லார்டு லிப்பி 1949இல் வெளியிட்ட முறை அது. அதற்காக 1960இல் அவர் நோபெல் பரிசு பெற்றார். உயிர் பிரிந்தபின் உடலிலுள்ள கரிமம்-14 ஏறத்தாழ 5,730 ஆண்டுகளில் பாதியாகத் தேய்கிறது. எஞ்சியதை அளந்தால் காலம் தெரியும். எனினும் கடற்சிப்பி தன் உண்மை வயதைவிடப் பொதுவாக நானூறு ஆண்டளவு கூடுதலாகவே காட்டும். கடல்நீரில் பழைய கரிமம் கலந்திருப்பதே காரணம். அதனைத் திருத்திக் கணக்கிட வேண்டும்.

வெம்மையை அறிய ஆக்சிஜன் உதவுகிறது. சிப்பி தன் ஓட்டைக் கட்டும்போது கனத்த ஆக்சிஜனும் இலேசான ஆக்சிஜனும் எந்த விகிதத்தில் சேர்கின்றன என்பது நீரின் வெம்மையைப் பொறுத்தது. ஹெரால்டு யூரி 1947இல் இதனை எடுத்துக்காட்டினார். ஓட்டின் வளர்ச்சிக் கோடுகளை ஒவ்வொன்றாகச் சுரண்டி ஆராய்ந்தால், அச்சிப்பி கண்ட வெயிலையும் குளிரையும் நாட்குறிப்புப் போலப் படிக்கலாம். மணலளவேயுள்ள நுண்ணிய கடலுயிர்களின் ஓடுகளும் இவ்வாறே பயன்படுகின்றன.

இத்தகைய ஆய்வுகளால் நம் கரையின் வரலாறு வியக்கத்தக்கதாக விரிகிறது. இற்றைக்கு இருபதாயிரம் ஆண்டுகளுக்கு முன், பனியூழியில், உலகக் கடல்மட்டம் ஏறத்தாழ 120 மீட்டர் தாழ்ந்திருந்தது. ஈழமும் தமிழகமும் அப்போது ஒரே நிலம். நம் முன்னோர் மூச்சடக்கி இறங்கிய முத்துப்பார்கள் அன்று வெயில் காய்ந்த தரை. பின்னர் பனி உருகக் கடல் ஏறிற்று. ஆறாயிரம் ஏழாயிரம் ஆண்டுகளுக்கு முன்னர்தான் அது இன்றைய நிலையை ஒட்டி வந்து நின்றது. அதன்பின் ஆற்று வண்டல் கழிமுகத்தை நிரப்பலாயிற்று.

கடலில் இறங்கியவரின் அறிவு

அறிஞர் பெயர்களை வரிசையாகச் சொல்லிவந்தோம். அவர்கள் கைக்குச் சிப்பியைக் கொண்டுவந்து கொடுத்தவர் யார்? சென்னை அருங்காட்சியகத்தின் எட்கார் தர்ஸ்டன் மன்னார் வளைகுடாவின் முத்து, சங்குத் தொழிலைப் பற்றி 1890இல் எழுதினார். 1902இல் இலங்கைக்கு வந்த பேராசிரியர் ஹெர்ட்மன், முத்துப்பார்களை ஆராய்ந்து ஐந்து தொகுதிகள் வெளியிட்டார். அவருக்குத் துணையாக வந்த ஜேம்ஸ் ஹார்னெல், பின்னர் சென்னை மாகாண மீன்வளத் துறையின் இயக்குநராகி, 1914இல் சங்கைப் பற்றியும் 1922இல் இந்திய முத்துக்குளிப்பைப் பற்றியும் நூல்கள் வெளியிட்டார். கொற்கையிலும் காயலிலும் அறுத்தெடுத்த சங்குத் துண்டுகளைக் கண்டு, அங்குப் பண்டைய வளையல் தொழில் நடந்ததை நிறுவியவரும் அவரே.

இவர்கள் எவரும் பன்னிரண்டு, பதினைந்து மீட்டர் ஆழத்துக்கு நாள்தோறும் மூச்சடக்கி இறங்கியவர் அல்லர். இடுப்பில் கயிறும், காலில் கல்லும், கழுத்தில் வலைப்பையுமாய் இறங்கியவர்கள் கீழக்கரை, காயல்பட்டினக் கரைகளின் முஸ்லிம் குளியாளிகளும் தூத்துக்குடிப் பரதவரும் ஆவர். இலங்கையின் குளிப்புகளுக்கும் கீழக்கரையார் பெருந்திரளாகச் சென்று வந்தனர். நூலின் அட்டையில் அறிஞர் பெயர் உண்டு. இறங்கியவர் பெயர் இல்லை.

அவர்கள் வெறும் கூலிக்காரர்களாகவும் இருக்கவில்லை. 'தொள்ளாயிரம் பார்' என்பது போல ஒவ்வொரு பாருக்கும் பெயர் வைத்து, கரையின் அடையாளங்களைக் கொண்டு நடுக்கடலில் அதன் இடத்தைக் காண அவர்களுக்குத் தெரியும். அள்ளிய சிப்பி முதிர்ந்ததா, இன்னும் ஓராண்டு விட்டுவைக்க வேண்டியதா என்பதைக் கையில் எடைபார்த்துச் சொல்வார்கள். சங்கிலும் அவ்வாறே. உயிரோடு எடுத்த சங்குக்கு மேலே பழுப்புத் தோல் போர்த்தியிருக்கும், நெடுநாள் முன் இறந்து மணலில் கிடந்தது வெளிறிப் புழு துளைத்திருக்கும், விலையும் தாழும். யாழ்ப்பாணக் களப்புச் சேற்றைத் தோண்டிப் பண்டைக்காலச் சங்கை எடுத்து விற்ற தொழிலும் இருந்தது. உயிருள்ளது, இறந்தது, காலங்காலமாகப் புதைந்தது எனப் பிரித்தறியும் இந்தக் கண்ணே தொல்லுயிரியலின் முதற்பாடம். அதனைப் பள்ளிக்குச் செல்லாமலே கற்றிருந்தார்கள் நம்மவர்.

அந்த அறிவு இன்று எங்கே? தூத்துக்குடியின் பெரிய முத்துக்குளிப்பு 1955இல் தொடங்கி 1961இல் முடிந்தது. அதன்பின் பார்கள் பழைய வளத்துக்குத் திரும்பவில்லை. மத்திய கடல்மீன் ஆராய்ச்சி நிலையத்தார் தூத்துக்குடியில் 1973இல் செயற்கை முறையில் முத்தை விளைவித்து வெற்றி கண்டனர். ஆனால் கடலில் இறங்கிக் குளித்த காலம் திரும்பவில்லை. 1961இல் இருபது வயது இளைஞராகக் கடைசிக் குளிப்பில் இறங்கியவர் இன்று எண்பதைக் கடந்திருப்பார். அவர் நினைவில் உள்ள பார்களின் பெயர்கள், நீரோட்டத்தின் பெயர்கள், சிப்பி வகைகளின் பெயர்கள் ஆகியவற்றில் பல எந்த நூலிலும் ஏறாதவை.

காளவாய்க்குப் போன சாட்சிகள்

மனிதர் நினைவு இவ்வாறிருக்க, மண்ணின் நினைவும் குறைந்து வருகிறது. பவளமும் சிப்பியும் சுண்ணாம்பே. அவற்றை வெட்டியெடுத்துக் காளவாயில் சுட்டு வீடு கட்டியது பழைய வழக்கம். இருபதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ஆலைகளின் தேவைக்கும் மன்னார் வளைகுடாவின் பவளப்பாறைகள் பெருமளவில் வெட்டப்பட்டன. வளைகுடாவின் 21 தீவுகளுள் தூத்துக்குடிப் பக்கத்து விலங்குசல்லியும் கீழக்கரைப் பக்கத்துப் பூவரசன்பட்டியும் நீரில் அமிழ்ந்துவிட்டன. அலையைத் தடுத்து நின்ற பவளப்பாறைகள் வெட்டப்பட்டதே அதற்கு முதன்மைக் காரணமாகச் சொல்லப்படுகிறது. 1986இல் இப்பகுதி கடல்சார் தேசியப் பூங்காவாயிற்று. 2001இல் பவளங்கள் வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் சேர்க்கப்பட்டன. அதன் பிறகே வெட்டுதல் படிப்படியாக ஓய்ந்தது.

எரித்துச் சுண்ணாம்பாக்கிய பவளத்தில் நாலாயிரம் ஆண்டுக் கடலின் வெம்மைக் கணக்கும் சேர்ந்து எரிந்தது. பார்கள் ஏன் வறண்டன என்ற கேள்விக்கு, பண்டைக்காலப் பார்கள் எவ்வாறு இருந்தன என்பது தெரிந்தாலன்றி முழு விடை கிடைக்காது. அதனைச் சொல்ல வல்லவை புதைந்த சிப்பிகளே. இறந்த சிப்பியைக் கொண்டு வாழும் கடலைக் காக்கும் இப்புதிய துறைக்குப் பாதுகாப்புத் தொல்லுயிரியல் என்று பெயர்.

படம் எடுக்கப்போகும் மாணவர்க்கு

முத்துக்கரையின் மாணவர் எடுக்கும் படத்தில் டைனோசர் வேண்டியதில்லை. ஒரு சிப்பி போதும். கொற்கையின் வயலில் தொடங்கி, பழையகாயலின் உப்பளங்களையும் தேரியின் செம்மணலையும் காட்டி, 1974இல் பெருந்துறைமுகமாகி 2011 முதல் வ.உ.சிதம்பரனார் பெயரைத் தாங்கி நிற்கும் தூத்துக்குடித் துறைமுகத்தில் முடிக்கலாம். இரண்டாயிரம் ஆண்டுகளில் ஒரு துறைமுகம் மூன்று ஊர்களுக்கு நகர்ந்த கதை அது. அதை நகர்த்தியது ஆறு. அதற்குச் சாட்சி சிப்பி.

இரண்டொரு நெறிகளை மட்டும் மறக்கலாகாது. அகழாய்வு இடங்களிலும் தேசியப் பூங்காவின் தீவுகளிலும் உரிய துறையின் அனுமதியின்றிக் கால்வைக்கக் கூடாது. படத்துக்காக மண்ணைக் கிளறவும் கூடாது. கிணறு வெட்டும் இடத்திலும் குளம் தூர்வாரும் இடத்திலும் மண்ணடுக்குகள் தாமே தெரியும்; அவற்றைப் படமெடுத்து, அளவுகோலை அருகே வைத்து, இடத்தையும் ஆழத்தையும் நாளையும் குறித்துக்கொள்ள வேண்டும். எடுத்த இடம் தெரியாத சிப்பி அறிவியலுக்குப் பேசாது. அறிஞர் ஒருவர் ஒரு முடிவைச் சொன்னால், 'அஃது எவ்வாறு தெரிந்தது?' என்று படக்கருவியின் முன் கேட்க வேண்டும். விடை உறுதியானது எது, விவாதத்துக்குரியது எது என்பதைப் பிரித்துக்காட்டும் படமே அறிவியல் படமாகும்.

எல்லாவற்றுக்கும் முன்னதாக முதியவர்களிடம் செல்ல வேண்டும். சிப்பி இன்னும் சில ஆண்டுகள் மண்ணில் காத்திருக்கும். மனிதர் காத்திருக்க இயலாது. கீழக்கரையிலும் காயல்பட்டினத்திலும் தூத்துக்குடியிலும் கடலில் இறங்கிய முதியவர் எவரேனும் இருப்பின், அவர் இசைவு பெற்று, அவர் சொல்லிலேயே, அவர் நடையிலேயே, பெயரோடு பதிவு செய்ய வேண்டும். அவர் கையில் ஒரு பழைய சிப்பியைக் கொடுத்து, 'இஃது என்ன? எந்தப் பாரில் கிடைக்கும்? எப்போது செத்தது?' என்று கேட்டுப் பாருங்கள். ஆய்வுக்கூடத்தில் அளந்து சொல்வதற்கு முன் அவர் விரல் தடவிச் சொல்வதைக் கேட்கலாம். பின்னர் இரண்டையும் ஒப்பிட்டுக் காட்டினால், அதைவிடச் சிறந்த காட்சி அப்படத்துக்கு வாய்க்காது.

கால்டுவெலும் ஃபூட்டும் ஹார்னெலும் எழுதியவை நூலகங்களில் இருக்கின்றன, நாளையும் இருக்கும். நம் குடும்பத்துப் பெரியவர் அறிந்தது அவரோடு போய்விடும். அதனைக் காக்கப் பெரும்பொருள் வேண்டியதில்லை. வீட்டிலுள்ள கல்லூரிப் பிள்ளையைப் பாட்டனார் அருகில் ஒரு மாலைப்பொழுது உட்காரவைத்தால் போதும். வரும் விடுமுறையிலேயே அதனைச் செய்வோமாக!